மெய்யகத்தில் ஒரு சம்மதம்

காலை ஒன்பது மணிக்குள் பதினொரு பேரின் குரலுக்கு முத்திரை குத்திவிட்டாள் அமுதினி. நாகப்பட்டினத்துக் கடலோர மருத்துவமனையில், குரல்களைச் சரிபார்க்கும் மெய்யகத்தில் அவள்தான் அலுவலர். யார் குரலையும் யாரும் நகலெடுக்கலாம் என்றான பிறகு, குரலுரைகல் என்ற இயந்திரம் ‘மெய்’ என்று காட்டாத பேச்சு எங்கும் செல்லாது. கையெழுத்தின் கதை அதற்கும் முன்பே முடிந்திருந்தது.

பன்னிரண்டாவதாக வந்தவர் செம்புலிங்கம். புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்து மூன்று வருடமாகிறது. கழுத்தில் கட்டியிருந்த கருவி அவருடைய பழைய குரலில் பேசியது.

“எம் பொஞ்சாதி காத்தாயிக்கு மண்டையில ரத்தம் கட்டியிருக்கு. ஆபரேசனுக்குச் சம்மதம்மா.”

‘நகல்’ என்றது உரைகல்.

“வேற சொந்தம் யாரும் இல்லீங்களா?”

“இல்ல தாயி. பதினோரு மணிக்குள்ள செய்யலைன்னா பொழைக்க மாட்டாங்குறாங்க.”

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அமுதினிக்கு நினைவுக்கு வந்தது: மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பும்தான். அந்தப் பெயரை வைத்தவர்கள் இரண்டையும் நினைத்துத்தானே வைத்திருப்பார்கள்?

“கருவியக் கழட்டிட்டு வாயால சொல்லுங்கய்யா.”

கழற்றினார். மூச்சு கழுத்துத் துளையோடு போய்விட்டது. நாக்கும் அண்ணமும் மோதும் சத்தம் மட்டும் வந்தது. க்... த்த்... க்க்... ச்... ட்ட்...

பள்ளிக்கூடத்தில் படித்த மெய்யெழுத்தல்லவா இது! உயிர் சேராத வெறும் மெய்.

திரையில் எழுத்து ஓடியது: ‘உடல் மெய். சொல் முழுமையில்லை. அலுவலர் முடித்துத் தரலாம்.’ அடுத்தவர் சொல்லைத் தன் குரலில் முடித்துத் தருபவரின் குரல் அன்றோடு நகல் பட்டியலில் சேரும்; பிறகு எங்கும் அது மெய்யாகாது. இதுவரை எந்த அலுவலரும் அதைச் செய்ததில்லை.

செம்புலிங்கம் கைகூப்பவில்லை, கெஞ்சவில்லை. மறுபடியும் அதையே சொன்னார். க்... த்த்... க்க்...

“காத்தாயிக்குச் செய்யட்டும்,” என்று முடித்துத் தந்தாள் அமுதினி.

பத்தரைக்குக் காத்தாயியை உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு மணிக்கு, பிழைத்துவிட்டாள் என்று செவிலி வந்து சொன்னாள். அந்தச் சந்தோஷத்தில் எதையும் யோசிக்காமல் வீட்டுக்குப் போன் போட்டாள் அமுதினி. எடுத்தது மகள் நிறைமதி.

“கண்ணு, அம்மா பேசுறேன்டா.”

அந்தப் பக்கம் போன் ‘நகல் குரல்’ என்று அறிவிப்பது இங்கேயே கேட்டது.

“நகல் குரல்ல யார் கூப்பிட்டாலும் பேசக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க,” என்று சொல்லி வைத்துவிட்டாள் நிறைமதி.