மொட்டை மாடி சாட்சி

"ஐயோ... யாராவது வாங்களேன்!"

திருப்புலிவனம் தாண்டி உள்ளே இருக்கும் அந்தச் சின்ன ஊரையே சுபாஷ்ரீயின் அலறல் எழுப்பியது.

கிணற்றில் மிதந்தது அவளுடைய கணவன் கலைச்செல்வன். முப்பத்தி நாலு வயது. பின்மண்டை பிளந்திருந்தது!

ஏரியில் திருட்டு மண் அள்ளிய லாரிகளைத் தனி ஆளாக மறித்தவன். அன்று பத்து மணிக்குக் கலெக்டரிடம், அந்த லாரிகளைப் படம் பிடித்த வீடியோவைக் கொடுப்பதாக இருந்தான். காலை ஆறு மணிக்கு மோட்டார் போடப் போனவன்... திரும்பவில்லை.

"கால் வழுக்கி வுழுந்துட்டான். பாவம்!" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் கதிர்வேல்.

லாரிகள் அவருடையவை. யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

மதியம் இரண்டு மணி.

பாஸ்டர் தமிழ்வாணன் வீட்டு வாசலில் சுபாஷ்ரீ வந்து விழுந்தாள்.

"பாஸ்டர் ஐயா... தெனம் ஆறு மணிக்கு மொட்ட மாடில நின்னு ஜெபம் பண்றீங்க. அங்கேருந்து எங்க கெணறு நேராத் தெரியும். பாத்தீங்களா?"

"அம்மா... நான்..."

"பாத்தேன்னு சொல்லுங்க! பாக்கலன்னாலும் பாத்தேன்னு சொல்லுங்க! உங்க வார்த்தைய போலீஸு நம்பும்!"

அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

வெள்ளை வேட்டி. நெற்றியில் விபூதி. உதட்டில் சிரிப்பு.

கதிர்வேல்!

சுபாஷ்ரீ எழுந்து நடந்தாள்.

"இன்னா பாஸ்டரே... மேல போயி பேசலாமா? காத்தோட்டமா இருக்கும்."

இருவரும் மாடி ஏறினார்கள். எதிரே, கூப்பிடு தூரத்தில், கிணறு.

"எவ்ளோ பளிச்சினு தெரியுது பாரு!" கதிர்வேல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். "காலைல நிமிந்து பாத்தேன். நீ இங்க நின்னுக்கினு இருந்த. என் மூஞ்சிக்கு நேரா!"

தமிழ்வாணன் கிணற்றைப் பார்த்தார்.

"வீடியோவக் குடுடான்னா முதுகக் காட்டினான். ஸ்பேனரால ஒரே போடு. மோட்டார் ரூம் பின்னால கரும்புல வீசிட்டேன். எல்லாத்தையும் நீதான் பாத்தியே... உனக்கு இன்னாத்துக்கு கத சொல்லிக்கினு?"



கதிர்வேல் கையை நீட்டினார்.

"அதோ உன் ஜெபக்கூடம். மூணு வருஷமா கம்பி துருப்பிடிச்சிக்கினு கீது. என் கையெழுத்து இல்லாமதானே நிக்குது? நாளைக்கே போடறேன். பக்கத்துல கீற அம்பது சென்ட்டும் உன் சபைக்கே! போலீஸு கேட்டா பாக்கலன்னு சொல்லு. அவ்ளோதான்."

தமிழ்வாணனுக்கு வேதம் நினைவுக்கு வந்தது. இயேசுவை மலை உச்சியில் நிறுத்தி, உலகத்தையே காட்டி விலை பேசினானே சாத்தான்... அவனுக்குப் படத்தில் கொம்பு போடுகிறார்கள். இவனுக்கு அதுகூட இல்லை!

"மாட்டேன்னா?"

"உன் பொண்ணு தேவயானி ஏழே முக்கா பஸ்லதானே காலேஜுக்குப் போவுது? மண் லாரி ஓடற ரோடு பாஸ்டரே... பாத்துப் போவச் சொல்லு."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

தமிழ்வாணன் முதல் வேலையாக மகளைக் காலேஜிலிருந்தே மதுராந்தகத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பினார். பிறகு கூரையில்லாத ஜெபக்கூடத்தில் போய் மண்டியிட்டார்.

நாற்பது குடும்பங்கள். மழை வந்தால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பாடுகிற ஜனங்கள். ஒரே ஒரு வார்த்தை... கூரை வந்துவிடும்!

ஆசையாகத்தான் இருந்தது. அழுதார்.

மாலை ஐந்து மணிக்கு எழுந்தபோது முகத்தில் கண்ணீர் இல்லை. முடிவெடுத்துவிட்டிருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணி.

உத்திரமேரூர் போலீஸ் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் தேவகியின் மேஜைக்கு முன்னால் மூன்று பேர். கதிர்வேல் கால் மேல் கால் போட்டிருந்தார். சுபாஷ்ரீ சுவரோரம் நின்றாள். நடுவில் தமிழ்வாணன்.

"சொல்லுங்க பாஸ்டர்," என்றாள் தேவகி. "கொலையப் பாத்தீங்களா?"

"பாக்கல மேடம்."

"பாவி!" சுபாஷ்ரீ தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்களும் வெலைக்குப் போயிட்டீங்களா?"

கதிர்வேல் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "அப்ப நான் கெளம்பலாமா மேடம்?"

"உக்காருங்க தலைவரே. அவரு இன்னும் முடிக்கல."

தமிழ்வாணன் நிமிர்ந்தார்.

"கொலையப் பாக்கல. கொல பண்ணவரு சொன்னதக் கேட்டேன்."

தேவகி மேஜை மேலிருந்த துணியை விலக்கினாள்.

ஸ்பேனர்!

"நேத்து சாயங்காலமே வந்து எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டாரு. மோட்டார் ரூம் பின்னால கரும்புலதான் கெடச்சுது. ரத்தம் கீது, முடி கீது, ரெண்டு வெரல் ரேகையும் கீது. உங்க வெரலக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

கதிர்வேலின் முகம் வெளிறியது.

"பொய்! பாக்கலன்னு பொய் சொல்றான் மேடம்! நான் அடிக்கறப்ப எதிர்லயேதான் நின்னுக்கினு..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.



"ஜெபம் பண்றப்ப நான் கண்ண மூடிக்குவேன் தலைவரே," என்றார் தமிழ்வாணன் மெதுவாக. "நீங்க மாடியேறி வந்து சொல்ற வரைக்கும் எனக்கு எதுவுமே தெரியாது."

சுபாஷ்ரீயின் பக்கம் திரும்பினார். 

"மன்னிச்சுக்கம்மா. நீ கேட்ட பொய்ய என்னால சொல்ல முடியல. இவரு கேட்டது பொய்கூட இல்ல... பாக்கலங்கறது நெசந்தான். அதத்தான் வாங்கப் பாத்தாரு. நானும் குடுத்துடுவேனோன்னு பயந்துதான் நேத்தே அஞ்சரை மணி பஸ்ஸப் புடிச்சு இங்க வந்தேன்."

சுபாஷ்ரீ கையெடுத்துக் கும்பிட்டு, வாயில் முந்தானையைப் பொத்தி விம்மினாள்.

கதிர்வேலின் மணிக்கட்டில் விலங்கு விழுந்தது.

"வண்டில ஏறுங்க தலைவரே," என்றாள் தேவகி. "அவரு கண்ண மூடின மாதிரி நீங்க வாய மூடிக்கினு இருந்திருந்தா... இந்நேரம் வூட்ல சூடா நாஷ்டா துன்னுக்கினு இருந்திருக்கலாம்!"