மாவுக்கட்டுக்குள் மூன்று தட்டு

1958 ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்த ஜெயவேலு, மனைவி கிருஷ்ணம்மாளின் தோளைப் பிடித்து நொண்டியபடி பெங்களூர் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தான். வலது முட்டிக்குக் கீழே, எலும்புக்குள் கட்டி. பதினோரு வருஷம் சுரங்கத்தில் பாறையைத் துளைத்தவனை இப்போது யாரோ உள்ளிருந்து துளைப்பது போலிருந்தது.

டாக்டர் சேஷகிரி எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"கட்டியைச் சுரண்டி எடுத்துட்டு, பள்ளத்தை வேற எலும்பால அடைச்சுடறேன். மூணு மாசம் மாவுக்கட்டு. துளி மிச்சமிருந்தாலும் திரும்ப வளரும். வளர்ந்தா காலை எடுக்கறதைத் தவிர வழியில்லை."

"கால் போனா சுரங்கத்துல யாரு சார் சேத்துக்குவாங்க?"

"அதுக்குத்தான் சொல்றேன். அசையப்படாது."

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கண் விழித்தபோது இடுப்பிலிருந்து கால்விரல் வரை வெள்ளைப் பாறை. புரள முடியாது, உட்கார முடியாது.

"சிலை வச்சிட்டாங்க. மாலை ஒண்ணுதான் பாக்கி" என்று சிரித்தாள் கிருஷ்ணம்மாள்.

பதினெட்டாம் நாள், பிற்பகல் இரண்டு மணி. பார்க்க வந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள். வெளியே மழைமூட்டம். மாவுக்கட்டின் விளிம்பிலிருந்து ஒரு வாடை எழுந்தது. ஈரப்பாறையும் வெடிமருந்தும் கலந்த வாடை. அது ஆஸ்பத்திரி வாடையல்ல.

டொக். டொக். டொக்.

காலுக்குள்ளிருந்து.

சுரங்கத்தில் பாறை சரிந்து மாட்டிக்கொண்டவன் மூன்று தட்டுவான்: உயிரோடிருக்கிறேன். கேட்டவன் ஒன்று தட்டவேண்டும்: கேட்டது, வருகிறோம். தட்டிவிட்டால், ஆளை எடுக்காமல் திரும்பக்கூடாது. அது அங்கே எழுதாத சட்டம்.

ஜெயவேலு யோசிக்கவேயில்லை. விரலை மடக்கி மாவுக்கட்டின்மேல் ஒரு தட்டுத் தட்டினான்.

உள்ளே சத்தம் நின்றது.

காத்திருப்பதுபோல் நின்றது.

மாலையில் விரிப்பை இழுத்துவிட வந்த நர்ஸ் பியாட்ரிஸிடம் மெல்லக் கேட்டான். "சிஸ்டர், எனக்கு வெச்ச எலும்பு யாரோடது?"

"ஐஸ் பெட்டியில இருந்தது. அதெல்லாம் உனக்கு எதுக்குப்பா?"

"சொல்லுங்க சிஸ்டர்."

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். "உங்க ஊரு ஆளுதான். பெருமாள்சாமி. பாறைக்கடியில ரெண்டு நாள் கெடந்தவரு. தொடை நசுங்கிப்போயி காலை எடுத்தோம். கீழ் எலும்பு நல்லா இருந்துச்சு. மறுநாளே போயிட்டாரு. வெளியே வந்ததே அவருக்குத் தெரியல, பாவம். கடைசி வரைக்கும் கட்டில் கம்பியைத் தட்டிக்கிட்டே..." சட்டென்று நிறுத்தினாள். "ஏன், ஏதாச்சும் பண்ணுதா?"

"இல்ல சிஸ்டர்."

வேறு என்ன சொல்வான்? காலுக்குள் சத்தம் என்றால், கட்டி திரும்பிவிட்டது என்பார்கள். பிரிப்பார்கள், அறுப்பார்கள். சொல்லாவிட்டாலோ, உள்ளே ஒருவன் காத்துக்கொண்டிருக்கிறான். வருகிறோம் என்று வாக்குக் கொடுத்தவன் இவன்தான்.

அன்று முதல் தினமும் இரண்டு மணிக்கு மூன்று தட்டு. மறுபடி பதில் தட்டிவிடக்கூடாதென்று ஜெயவேலு இரண்டு கைகளையும் தலைக்கடியில் திணித்துக்கொண்டான். சில நாள் தட்டோடு நகத்தால் பிராண்டும் சத்தமும் கேட்டது. ஆகஸ்ட் கடைசியில் தட்டு தளர்ந்தது, மூச்சு முட்டுகிறவன் தட்டுவதுபோல. இவனுக்கும் மூச்சு முட்டியது. மாட்டிக்கொண்டது அவனா, தானா என்பதே சில பிற்பகல்களில் பிடிபடவில்லை.

செப்டம்பரில் மாவுக்கட்டை அறுத்தார்கள். உள்ளே மெலிந்த கால் மட்டும்தான் இருந்தது.

"பேஷ்!" என்றார் டாக்டர், புதுப் படத்தைப் பார்த்து. "கட்டி இல்லை. உன் எலும்பும் அந்த எலும்பும் ஒட்டிண்டாச்சு. இனிமே யாராலும் பிரிக்க முடியாது."

கிருஷ்ணம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயவேலு காலைத் தொடாமல் கைகளைக் கட்டிக்கொண்டான்.

"நெஞ்சையும் ஒரு படம் எடுத்துடலாம். இந்தக் கட்டி அபூர்வமா அங்கே போய் உட்காரும்."

எக்ஸ்ரே அறை இருட்டு. சில்லென்ற தகட்டில் மார்பை அழுத்தி நின்றான். தடுப்புக்குப் பின்னாலிருந்து, படம் எடுக்கும் டென்சில் குரல் கொடுத்தான். "மூச்சை இழுத்துப் பிடி. ஆடாதே."

டொக். டொக். டொக்.

"ஏய், ஸ்டாண்டைத் தட்டாதே மேன்! படம் கலங்கிடும்."

சத்தம் காலுக்குள்ளிருந்து. ஜெயவேலுவின் இரண்டு கைகளும் ஸ்டாண்டை இறுகப் பிடித்திருந்தன. தட்டமாட்டேன். இந்தத் தடவையும் பதில் தட்டவேமாட்டேன்.

நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து, அவசரமில்லாமல், ஒரே ஒரு தட்டு.