துண்டுக்கடியில் விலை

ஒரு உழக்குத் தவிடு. பிறந்து மூன்று நாளான பிச்சையம்மாளுக்குப் பேசி முடித்த விலை அவ்வளவுதான். அதிலும் வாங்க வந்த ஆஸ்பத்திரி ஆயா ஜெயபாய் இரண்டு பிடி குறைத்துத்தான் அளந்தாள். "சரக்கே ஆயிரத்து நூத்தம்பது கிராம்தான். அதுக்கு எதுக்கு உழக்கு நிறைய?" என்று அவள் கேட்டபோது, மூன்று நாளாகச் சிரிப்பை மறந்திருந்த, பெற்றவள் வேலுத்தாயின் வாயோரம்கூட லேசாக அசைந்தது.

முன்னே பிறந்த இரண்டு தங்கவில்லை என்றால் மூன்றாவதைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். விற்ற பிள்ளை பெற்றவளுடையது இல்லை. எடுத்துப்போக வருவது வீடு தப்பிவிட்டது என்று திரும்பிப் போய்விடும். வாங்கியவள், "என் பிள்ளையை நீயே வளத்துக் குடு" என்று அந்த நிமிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். பிச்சை என்று பேர் வைத்துவிட்டால் காரியம் முடிந்தது. மாமியார் கருத்தம்மாள் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் தவிட்டை முடிந்து கொண்டுவந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் நர்சிங் ஹோம் வராந்தாவில் ஆயா கையில் கொடுத்து, நாலு பேர் காதில் விழும்படி விலை கூறினாள்.

பிசகு அங்கேதான் நடந்தது என்று வேலுத்தாய்க்குப் பிற்பாடு தோன்றியது. அவள் கூமாப்பட்டி மாட்டுத் தரகர் சமுத்திரத்தின் மகள். விலை சொல்லாத மாட்டை எவனும் பல்லைப் பிடித்துப் பார்க்கமாட்டான். விலை சொல்லியாகிவிட்டால், வழியோடு போகிறவனும் நின்று கேட்கலாம்.

குறைமாசப் பிள்ளைகளுக்கென்று அந்த நர்சிங் ஹோமில் ஒரு பெட்டி இருந்தது. பக்கமெல்லாம் பலகை, மேலே கண்ணாடி, உள்ளே சூட்டுக்கு இரண்டு பல்பு. கை விட இரண்டு பக்கமும் வட்டமாக ஓட்டை. ஒரு ஓட்டை வேலுத்தாயின் கட்டில் பக்கம். இன்னொன்று சுவரோடு ஒட்டிக் கிடந்தது, சுண்டுவிரல் நுழைய இடம் கிடையாது. வெளிச்சம் பிள்ளையின் கண்ணில் படாமல் இருக்க, கொதிக்கவைத்து உலர்த்திய வெள்ளைத் துண்டு ஒன்றைக் கண்ணாடிமேல் விரித்து, ஓட்டைகளையும் மூடித் தொங்கவிட்டிருந்தார்கள்.

நான்காம் நாள் மத்தியானம், தெருக்கோடியில் பால்கோவா கிண்டுகிற வாசனை, சுண்டிய பாலும் சர்க்கரையும் முந்திரித்தோட்டுப் புகையுமாக ஜன்னல் வழியே வந்து வார்டு முழுக்க நிறைந்திருந்தபோது, அதற்கு அடியில் வேறொன்று கிடப்பது வேலுத்தாயின் மூக்குக்குத் தெரிந்தது. மீன் கழுவி ஊற்றிய தண்ணீர் வெயிலில் காய்ந்தால் வருமே, அந்த வாடை.

அவளுக்கு அது புதிது இல்லை. அவளுடையதே. ஐந்தாம் மாசத்திலிருந்து உள்பாவாடை நனைவதும், கசகசப்பும், எரிச்சலும், எத்தனை தடவை அலசினாலும் போகாத அந்த வாடையும். முதல் பிள்ளைக்கும் இப்படி. இரண்டாவதுக்கும் இப்படி. "சூட்டு உடம்பு. வெந்தயத்தை ஊறவச்சுத் தின்னு. இதைப் போயி வெளிய சொல்லுவாகளா?" என்று கருத்தம்மாள் அடக்கிவிட்டாள். மூன்று தடவையும் ஏழாம் மாசம் முடியும் முன்னே பன்னீர்க்குடம் உடைந்தது.

குளித்தாள். சேலை மாற்றினாள். வாடை போகவில்லை. மோந்து மோந்து நகர்ந்தவள் பெட்டிக்கு அருகே வந்து நின்றாள். அங்கிருந்துதான் வந்தது. சுவர்ப்பக்கத்து ஓட்டையில் தொங்கிய துண்டு, உள்ளிருந்து யாரோ முழங்கையை மடக்குவதுபோல ஒருமுறை புடைத்து அடங்கியது.

மின்விசிறி ஓடவில்லை. காற்றும் இல்லை.

நாலு மணிக்கு டாக்டரம்மா வந்தாள். குழாய் வழியே விட்ட பால் செரிக்காமல் திரும்பி வந்திருந்தது. பிள்ளையின் நிறம் சாம்பல் தட்டியிருந்தது. மூச்சு ஓடும், நிற்கும், யோசித்துவிட்டுப் பிறகு ஓடும்.

"வேலுத்தாய், மாசமா இருக்கையில காய்ச்சல், வெள்ளைப்படுறது, வாடை, ஏதாவது இருந்துச்சா?"

"அதெல்லாம் எங்க வீட்ல ஒண்ணும் கெடையாது டாக்டரம்மா," என்றாள் கருத்தம்மாள், கேள்வி முடியும் முன்னே.

டாக்டரம்மா வேலுத்தாயைப் பார்த்தாள். வேலுத்தாய் தரையைப் பார்த்தாள். அந்த நிமிடமே வாடை லேசாக விலகி நின்றது. பேரம் படியப்போகிறது என்று தெரிந்ததும் வாங்குகிறவன் ஒரு எட்டுத் தள்ளி நின்று வெற்றிலை போடுவானே, அப்படி.

பொழுது மங்கும்போது கரண்ட் போனது. பல்பு இரண்டும் அணைந்தன.

"கையை உள்ள விட்டுப் பிள்ளை மேல வச்சுக்க. சூடு போயிரக் கூடாது. வெந்நீர் பாட்டிலு கொண்டாறேன்," என்று ஜெயபாய் இருட்டில் ஓடினாள். வேலுத்தாய் துண்டுக்கு அடியில் வலது கையை விட்டாள். பிள்ளையின் நெஞ்சு, உரித்த வெங்காயத்தோல்போல, உள்ளங்கைக்குள் துடித்தது.

யாரோ அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்தார்கள்.

பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் பிள்ளையின் கை அவள் நகத்தில் பாதி. இது பெரிய கை. ஈரம். குளிர்ச்சி. சுவர்ப்பக்கத்திலிருந்து நீண்டிருந்தது.

சின்ன வயதில் அப்பா தோள்துண்டை அவள் கைமேல் போட்டு விளையாட்டாய்ச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரலோ அத்தனை. பிடிக்கவில்லை என்றால் உதறு. உள்ளங்கையை மூடிப் பிடித்தால் முடிந்தது, மாடு அவனுடையது.

ஆள்காட்டி விரல். அப்புறம் நடுவிரல். இரண்டையும் சேர்த்து ஒரு அழுத்து.

இரண்டு. எது இரண்டு?

மூன்றாவதாக மோதிர விரலைத் தொட்டது. மெல்ல இழுத்தது.

அவளுக்குப் புரிந்தது. முன்னே வாங்கியது இரண்டு. இது மூன்றாவது. அதே விலைக்குக் கேட்கிறது. அந்த இரண்டையும் என்ன விலைக்குக் கொடுத்தோம்? இரண்டு தடவையும் டாக்டர் கேட்டார். இரண்டு தடவையும் அத்தை பதில் சொன்னாள். இரண்டு தடவையும் அவள் தரையைப் பார்த்தாள்.

வாடை மூக்கை அடைத்தது. பிள்ளையின் நெஞ்சு நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று.

உதறினாள்.

"படியாது!" என்று கத்தினாள். "டாக்டரம்மா! வாடை இருந்துச்சு! வெள்ளை பட்டுச்சு, அஞ்சாம் மாசத்துல இருந்து! மூணு பிள்ளைக்கும் இருந்துச்சு! கேக்குதா? மூணுக்கும்!"

பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினாள். நெஞ்சு ஒருமுறை விம்மி மறுபடி ஓடத் தொடங்கியது. பக்கத்து வார்டு ஆம்பளைகள் டார்ச்சோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஏட்டி, வாயை மூடு! மானம் போகுது!" என்று கருத்தம்மாள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உங்க மானம் எத்தனை கிராம் இருக்கும் அத்தை?" என்றாள் வேலுத்தாய், கையைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே. "ஆயிரத்து நூத்தம்பதுக்கு மேல இருந்தாச் சொல்லுங்க, மூடிக்கிடுறேன்."

டாக்டரம்மா டார்ச் வெளிச்சத்திலேயே பிள்ளையின் ரத்தம் எடுத்து, ஊசியும் போட்டாள். "கிருமி கீழ இருந்து ஏறிப் பன்னீர்க்குடத்துக்குப் போயிருக்கும். அதான் மாசம் ஆகு முன்னாடியே வலி வந்திருக்கு. பிள்ளைக்கும் தொத்தியிருக்கு. உனக்கும் மருந்து தாரேன். இது உன் தப்பு இல்ல, சூடும் இல்ல. இப்பவாவது சொன்னியே," என்றாள். கருத்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

வாடை போய்விட்டது. பிள்ளை ஆயிரத்து நாற்பதுக்கு இறங்கியது, அங்கே நின்றது, பிறகு பத்துப் பத்தாக ஏறியது. மில்லில் லீவு கிடைத்து வந்த புருஷன் சங்கையா, முகம் சுளித்து அழுத மகளைக் கண்ணாடி வழியே பார்த்து, "எம்புட்டுக் கோவம் இதுக்கு!" என்றான். "பின்ன? தவிட்டுக்கு வாங்குனவ நான். சரக்கு எடை குறைஞ்சதுக்கு எனக்குல்ல கோவம் வரணும்," என்றாள் ஜெயபாய்.

இருபத்தோராம் நாள் சாயங்காலம். கரண்ட் இருந்தது. பல்பு இரண்டும் எரிந்தன. பால்கோவா வாசனை வந்தது; அதற்கு அடியில் ஒன்றும் இல்லை. வேலுத்தாய் மூன்று தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் கையை உள்ளே விட்டாள்.

விரலைப் பிடித்தாள் மகள். சின்னப் பிடி. சூடாக இருந்தது. வேலுத்தாய்க்குக் கண் நிறைந்தது. இடது கையால் துண்டின் ஓரத்தைத் தூக்கிக் கண்ணாடி வழியே பார்த்தாள்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கை இரண்டும் தாடைக்கு அடியில் மடங்கியிருந்தன.

அவள் வலது கை தனியாக நீண்டு கிடந்தது. பிடித்திருப்பவர் தெரியவில்லை. பிடி தெரிந்தது. ஆள்காட்டி விரலைச் சுற்றித் தோல் பள்ளமாகியிருந்தது. நடுவிரலைச் சுற்றியும்.

இந்தத் தடவை பெரிய கை இல்லை.

ஒரு பிடி விட்டு விட்டு அழுத்தியது. மூன்று நாள் இருந்தவன். இன்னொன்று கொஞ்சம் பலம். ஒன்பது நாள் இருந்தவள். பெற்றவளுக்குத் தெரியாதா? இரண்டும் சுவர்ப்பக்கத்து ஓட்டையை நோக்கி மெல்ல, மிக மெல்ல இழுத்தன. உள்ளங்கையை மூடம்மா என்று இழுத்தன.

மூடினால் பேரம் முடிந்தது. உதறினால், இவர்களை உதற வேண்டும்.

அவள் மூடவில்லை. உதறவும் இல்லை. கையை விறைத்து நீட்டியபடி, கண்ணை மூன்றாவது பிள்ளையின் நெஞ்சிலேயே வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"தரமாட்டேன்," என்றாள். "எவரை அனுப்புனாலும் தரமாட்டேன்."

போனது இரண்டு. இருப்பது ஒன்று, ஆயிரத்து நூற்றெண்பது கிராம். விரல் இரண்டு இன்னும் பிடியில்.