மூடாத முதல் ஷிஃப்ட்

மத்தியானம் ஆவதற்குள்ளேயே தாமரைச்செல்விக்கு இரண்டு முட்டியும் விண்விண்ணென்று தெறித்தன. பத்தொன்பது வருஷம் மெஷின் முன்னால் நின்று, அறுந்த நூலைப் பிடித்து ஒட்டிய கால்கள். வாடிப்பட்டி ரோட்டிலிருக்கும் அந்த நூல் மில்லில் போன வருஷம்தான் அவளுக்கு ஆபீஸ் நாற்காலி கிடைத்தது. கம்ப்யூட்டரில் வருகைப் பதிவு பார்க்கும் வேலை.

இன்றைக்குப் பழைய சாஃப்ட்வேரை நிறுத்துகிறார்கள். அதைச் செய்து கொடுத்த கம்பெனியே இப்போது இல்லை; கெட்டுப்போனால் சரிசெய்ய ஆளில்லை. மூன்று மாதமாகப் பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓட்டிப் பார்த்தாயிற்று. மூடாமல் கிடக்கும் பதிவுகளை மூடிவிட்டுப் பழையதை அணைக்க வேண்டியதுதான் பாக்கி.

"ரெண்டரை மணி ஷிஃப்டுக்குள்ள முடிச்சிரு தாமர. இல்லாட்டி நாளைக்கு நீ மறுபடி மெஷினுக்குத்தான்" என்றார் மேனேஜர் செல்வக்குமார்.

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா சார்?"

"முட்டிக்கெல்லாம் புது வெர்ஷன் வராதும்மா" என்று சிரித்துக்கொண்டே போனார்.

எல்லாம் மூடின. ஒன்று மட்டும் மூடவில்லை.

முனியாயி. ஏழாம் நம்பர் மெஷின். உள்ளே வந்தது காலை ஆறரை, பதினோரு வருஷத்துக்கு முன்னால். வெளியே போன நேரம் இல்லை.

மாற்ற ஆள் வராமல் மெஷினை விட்டு நகரக் கூடாது என்பது அந்த மில் வழக்கம். வருகிறவள் தோளைத் தொட்டு, "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றால்தான் நிற்கிறவள் போகலாம். சாஃப்ட்வேரையும் அதற்குத் தக்கபடியே செய்திருந்தார்கள். வருகிறவளின் நம்பர் ஏறாமல் போகிறவளின் ஷிஃப்ட் மூடாது.

அன்றைக்கு முனியாயியை மாற்ற வேண்டியவள் தாமரைச்செல்விதான். சோழவந்தானில் தங்கச்சி வீட்டுக்குத் திருவிழாவுக்குப் போனவள், ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கேயே தங்கிவிட்டாள். காய்ச்சலோடு நின்றிருந்த முனியாயியை அடுத்த ஷிஃப்டும் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். பொழுது சாயும்போது அவள் மெஷின் மேலேயே சரிந்தாள். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது.

மறுநாள் தாமரைச்செல்வி அதே மெஷினில் போய் நின்றாள். அழுகை வரவில்லை. நூல் அறுந்தது, ஒட்டினாள்.

இப்போதும் ஒன்றும் தோன்றாமல் திரையைப் பார்த்தாள். முனியாயி பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது.

இன்று ஒட்டிய இழை: 214.

ஏழாம் நம்பர் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டு ஆறு வருஷமாகிறது.

215.

போனை எடுத்தாள். "சார், முனியாயி பதிவு மூட மாட்டேங்குது."

"செத்தவ சண்டைக்கா வரப்போறா? உன் நம்பரப் போட்டு மூடு."

போட்டாள்.

'மாற்ற வந்தவர் மெஷினில் இல்லை.'

இப்படியொரு வரி அந்த சாஃப்ட்வேரில் வந்து அவள் பார்த்ததே இல்லை.

ஏசி அறையில் பஞ்சுத் தூசி நெடி ஏறியது. கூடவே காய்ச்சல்காரியின் புளித்த வேர்வை வாடை. கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். நல்ல வெயில் நேரம். ஏழாம் மெஷின் இருந்த இடம் வெறும் சிமெண்டுத் தரை. அதன்மேல் வெள்ளையாகத் தூசி படிந்திருந்தது.

அதில் இரண்டு காலடி.

இடது பக்கம் புதிதாக இரண்டு விழுந்தன. பிறகு வலது பக்கம் இரண்டு. நூல் அறுந்த இடத்துக்கு நகர்கிறவளின் நடை.

"எம்புட்டு நேரம்டி?"

காதுக்குப் பக்கத்தில், மூச்சுச் சூட்டோடு.

நாற்பதடி தூரம்தான். படியிறங்கிப் போய், தோள் இருக்கும் இடத்தில் கை வைத்து, ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அங்கே போய் நின்றால் அவளை யார் வந்து மாற்றுவார்கள்?

மணி இரண்டு இருபத்தைந்து.

குனிந்து பழைய கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது. வாடை நின்றது.

"முடிஞ்சுதா?" செல்வக்குமார் எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சது சார்."

"அப்ப நாற்காலி உனக்குத்தான்."

புதிய சாஃப்ட்வேரைத் திறந்தாள். இரண்டரை மணி ஷிஃப்டுக்கு இன்னும் ஒருவரும் கைரேகை வைக்கவில்லை. வெறும் பட்டியல். அதன் தலையில் ஒரே ஒரு வரி.

முனியாயி. ஏழாம் நம்பர் மெஷின். ஒட்டிய இழை: 231.

தாமரைச்செல்வி முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். 232 ஆயிற்று.

முனியாயிக்கு அவள் ஒரு ஷிஃப்ட் கடன்பட்டிருந்தாள்.