சுவரில் விழுந்த முகம்

கண்ணாடி நொறுங்கிய சத்தம் எதிர்ச்சாரிச் செருப்புக்கடை வரை கேட்டது.

காலை பத்து மணி. நிழற்பட நகைக்கடையின் ஷட்டர் அப்போதுதான் முழுதாக மேலே ஏறியிருந்தது. உள்ளறையிலிருந்து ஓடிவந்த முதலாளி, காட்சிப் பெட்டியின் மேல்கண்ணாடி சுக்கல் சுக்கலாகக் கிடப்பதைப் பார்த்தார். நடுவே ஒரு பெரிய தையல் கத்தரிக்கோல். அதன் சொந்தக்காரி கழுத்தில் அளவு நாடா தொங்க, மூச்சிரைக்க நின்றிருந்தாள். மெஷினிலிருந்து நேராக எழுந்து வந்திருக்கிறாள். புடவையெல்லாம் நூல் துண்டு.

“என் புள்ள எங்க?” என்றாள்.

முதலாளி உடனே போலீசுக்குப் போன் செய்தார். அவருக்குக் கண்ணாடி உடைந்த கவலை.

ஸ்டேஷன் அடுத்த தெருவில்தான் இருந்தது. கான்ஸ்டபிளோடு வந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேஷனில் ‘சுண்டெலி’ என்று பெயர். ஆள் அவ்வளவு சின்னது. அவர் காதுபட அப்படிச் சொன்னவர்கள் இரண்டாவது தடவை சொன்னதில்லை. கண்ணாடித் தூளை மிதிக்காமல் உள்ளே வந்தவர், ஸ்டூலை இழுத்துப் போட்டு முதலில் தையல்காரம்மாவை உட்காரவைத்தார். முதலாளியின் முகம் சுருங்கியது.

விஷயம் இதுதான். தையல்காரம்மாவின் மகன் கட்டட வேலைக்குப் போனவன். ஆறாவது மாடியிலிருந்து விழுந்து செத்தான். அன்று காலை அம்மாவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். அதுதான் கடைசிப் படம். அதை இந்தக் கடையில் கொடுத்து ஒரு பதக்கம் செய்துகொண்டாள். துளி வடிவத்தில் வெள்ளிச் சட்டம், நடுவே பட்டாணி அளவு கல், கல்லுக்குள் பொடிப்பொடியாக அச்சிட்ட படம். பின்னால் போன் டார்ச்சைப் பிடித்தால் எதிர்ச் சுவரில் முகம் பெரிதாக விழும்.

தினமும் காலையில் மெஷினில் உட்காரும் முன் அவள் மகனைச் சுவரில் ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். இன்றைக்கும் டார்ச்சைப் பிடித்தாள். சுவரில் விழுந்தது யாரோ ஒரு பெண். காதில் பூவும் உதட்டில் விளம்பரச் சிரிப்பும்.

“அது எங்க சாம்பிள் படம்” என்று ஒத்துக்கொண்டார் முதலாளி. அதே துளி டிசைனில் காட்சிக்கு வைத்திருந்த பதக்கம் ஒன்று குறைகிறது. அப்படிச் சொன்ன வேகத்திலேயே அவர் கண் திரும்பிய இடம், மூலையில் நின்ற, கடையில் வேலை பார்க்கும் பெண்.

நெற்றியில் எந்நேரமும் உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டியிருப்பதால் எல்லோரும் அவளை ‘லென்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாடிக்கையாளருக்குப் படமும் டிசைனும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அவள் வேலை. நேற்று மாலை ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க தையல்காரம்மா வீட்டுக்கு அவள் போயிருந்தாள். மெஷின் பக்கத்து ஆணியில்தான் பதக்கம் தொங்கியது. தைக்கும்போது சங்கிலி துணியில் மாட்டும் என்று தையல்காரம்மா கழற்றி மாட்டிவிடுவாள்.

“கடைச் சாவி இவகிட்ட. வீட்டுக்குப் போனதும் இவ. இன்னும் என்ன மேடம் யோசனை? இன்னையோட உன் கணக்கு முடிஞ்சுதும்மா” என்றார் முதலாளி.

லென்ஸ் அழவில்லை. “அவங்க புள்ளை படத்தை எடுத்து நான் என்ன சார் பண்ணப்போறேன்?” என்று மட்டும் கேட்டாள்.

நல்ல கேள்வி என்று இன்ஸ்பெக்டருக்குப் பட்டது. தங்கமா, வைரமா? ஒருவருக்கு மட்டும் உயிர், மற்றவருக்குக் கொஞ்சம் வெள்ளி. அதையும் சும்மா எடுக்காமல் வேறொன்றை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சில நாள் தெரியாமல் இருக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

அதற்குள் தையல்காரம்மாவின் மகள் ஓடிவந்தாள். அவள் போன் செய்து வரவழைத்த தாய்மாமாவும் பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். தையல்காரம்மாவின் ஒரே தம்பி. அக்கா தைத்துக் கொடுத்த கச்சிதமான சட்டை. அதே கட்டடக் கம்பெனியில் சூப்பர்வைசர். அக்கா மகனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவர்தான்.

“விடுக்கா. நாளைக்கு விசாரணை இருக்கு. இப்பப் போய் ஸ்டேஷன், கேஸுன்னு அலையணுமா? இந்தப் பொண்ணு எடுத்திருந்தா கடைக்காரர் பார்த்துக்குவார்” என்றார் மாமா.

“என்ன விசாரணை?” என்றார் இன்ஸ்பெக்டர்.

மகள்தான் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் தடித்தது. கம்பெனி கொடுத்த அறிக்கையில், ‘பாதுகாப்பு பெல்ட் கொடுத்தோம், வலை கட்டியிருந்தோம், தொழிலாளி அலட்சியமாக பெல்ட்டைத் தானே கழற்றிவிட்டு விளிம்புக்குப் போனார்’ என்று எழுதியிருக்கிறது. அண்ணன் தன் சாவுக்குத் தானே காரணமாம். நாளை தொழிலாளர் அலுவலகத்தில் அதை ஏற்றுக்கொண்டால் அதுதான் முடிவு. அண்ணன் பெயர் அப்படியே நின்றுவிடும்.

“கழட்டின பெல்ட் எங்கன்னு கேட்டேன் மேடம்” என்றாள் தையல்காரம்மா. “கம்பெனியில கேட்டேன். ஆபீஸ்ல கேட்டேன். கழட்டினா எங்கயாவது கிடக்கணுமில்ல? ஒருத்தன் பதில் சொல்லல. ஏன்டி கத்தறன்னாங்க.”

மாமா தரையைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் மேலும் விசாரித்ததில் தெரிந்தவை: மகனின் போன், அவன் விழுந்த இடத்தில் கிடைக்கவில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. அம்மா போனில் கண்ணாடி உடைந்திருந்தது. கடையில் படம் கொடுத்த மறுநாள், மாற்றித் தருகிறேன் என்று மாமா எடுத்துப் போனார். புதுக் கண்ணாடியோடு வந்த போனில் பழைய படம் எதுவும் இல்லை. கடையில், பதக்கம் ஒப்படைத்த அன்றே வாடிக்கையாளர் படத்தை அழித்துவிடுவது விதி. பழுதான கல்லைக்கூட நசுக்கிவிடவேண்டும். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியே மாட்டியிருந்தது. ஆக, அந்தப் பையனின் கடைசிப் படம் உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்தப் பட்டாணிக் கல்லுக்குள் மட்டும்தான். அவன் கடைசி நாளில் எடுத்த படம் எதுவானாலும் கொண்டுவரச் சொல்லியிருந்தார், விசாரணைக்கு அவர்கள் பிடித்த வக்கீல். பதக்கத்தைத்தான் கொண்டுபோகப் போகிறோம் என்று மகள் முந்தாநாள் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

“நேத்து சாயங்காலம் வீட்டுக்கு யார் யார் வந்தது?”

லென்ஸ் வந்தாள், மாமா வந்தார். மகள் வீட்டிலேயே இருந்தாள். வேறு யாருமில்லை. கடையில் சாம்பிள் எப்போது காணாமல் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மூலையில் தொங்கிய கேமரா வெறும் பொம்மை. முதலாளி அதை முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். “ஒரே ஒரு கேள்வி. அந்தப் பதக்கத்துக்குள்ள என்ன இருந்துச்சு? பார்த்தவங்க சொல்லுங்க.”

“அண்ணன் முகம். லேசா பல்லு தெரிய சிரிப்பான். அவ்வளவுதான். சுத்தி வெள்ளை” என்றாள் மகள்.

தையல்காரம்மா தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். அவன் கன்னத்துக் குழி.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நானும் பார்த்தேன் மேடம். அக்கா கழுத்துல கிடக்கும்போதே டார்ச் அடிச்சுப் பார்த்தேன். தூக்கி வளர்த்த பையன். மாடியில நிக்கிறான். பின்னாடி கம்பி, ஆகாசம், தூரத்துல ஊரே தெரியுது. ராஜா மாதிரி நிக்கிறான். தாங்கல மேடம். அதுக்கப்புறம் அதைத் தொடவே இல்ல.”

இன்ஸ்பெக்டர் லென்ஸைப் பார்த்தார். படம் தேர்ந்தெடுத்த அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னார்.

லென்ஸ் சொன்னாள். அன்று அம்மாவோடு மாமாவும் வந்திருந்தார். படத்தைப் பெரிய கம்ப்யூட்டர் திரையில் திறந்தாள். திறந்த கொஞ்ச நேரத்தில் மாமாவுக்கு ஏதோ போன் வந்தது. வெளியே போனவர் திரும்ப வரவேயில்லை. அதற்குப் பிறகுதான் டிசைன் பேச்சு. இதயமா, வட்டமா, துளியா என்று அம்மா ரொம்ப நேரம் யோசித்து, கண்ணீர் மாதிரி இருக்கிறது என்று துளியை எடுத்தாள்.

“படத்தை அப்படியே போட்டியா?”

“முதல்ல அப்படியேதான் போட்டேன் மேடம். சரியா வரல. வெயில் பின்னாடி இருந்ததால முகம் கறுத்துப்போச்சு. எல்லாருக்கும் இதைத்தான் சொல்வோம், ஒரே முகம், பின்னாடி வெளிச்சம் இல்லாத படமா பார்த்துக் கொடுங்கன்னு. அவங்களுக்கு வேற படம் இல்ல. அதனால முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வெளிச்சம் கூட்டினேன். பின்னாடி இருந்ததெல்லாம் அழிச்சு வெள்ளையாக்கிட்டேன்.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

“கேட்டீங்களா சார்? பதக்கத்துல கம்பி இல்ல. ஆகாசம் இல்ல. ஊரும் இல்ல. அதை ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தாக்கூட உங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும்.”

மாமாவின் கை கண்ணிலிருந்து இறங்கியது.

“இதை எடுத்தது யாருன்னு நான் தேடவே இல்ல” என்றார் இன்ஸ்பெக்டர். “எதுக்கு எடுத்தாங்கன்னுதான் தேடினேன். வெள்ளிக்காக இல்ல. உள்ள இருக்கிற படத்துக்காக. ஆனா உள்ள இருந்தது வெறும் முகம். அதைச் செஞ்ச பொண்ணுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும், தங்கச்சிக்குத் தெரியும். முகத்தைத் தாண்டி இன்னும் ஏதோ இருக்குன்னு பயந்தவர், முழுப் படத்தைப் பார்த்துட்டு பதக்கத்தைப் பார்க்காதவர். அப்படி ஒருத்தர்தான் இங்க இருக்கார். சொந்த அக்கா தினமும் காலையில அதைச் சுவத்துல பார்க்கறாங்கன்னுகூடத் தெரியல உங்களுக்கு. ஒரு நாள் கூட உட்கார்ந்து விசாரிச்சதில்ல போல.”

கான்ஸ்டபிள் வெளியே போய் பைக்கின் பெட்டியைத் திறந்தார். எண்ணெய்த் துணிக்குள் துளி வடிவச் சட்டம் இருந்தது. கல் ஸ்பானரால் நசுக்கப்பட்டிருந்தது. கல்லை நசுக்கியவருக்கு வெள்ளியை வீசி எறிய மட்டும் மனசு வரவில்லை.

தையல்காரம்மா அந்தத் தூளைப் பார்த்தாள். உள்ளங்கையை நீட்டினாள். கான்ஸ்டபிள் அதை அவள் கையில் கொட்டத் தயங்கினார்.

மாமா இப்போது வேறு ஆளாக இருந்தார். அழுகை எங்கே போனது என்றே தெரியவில்லை. “சரி, எடுத்தேன். நேத்து கடையில கூட்டமா இருந்தப்ப சாம்பிளைத் தூக்கி, சாயங்காலம் ஆணியில மாத்தி மாட்டினேன். அக்கா தினமும் அதைப் பார்த்து உருகுறா, உடம்பு கெட்டுப்போகுதேன்னு எடுத்தேன். தப்பா? வெறும் முகம்தான் இருந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. வெறும் முகத்தைக் கண்டு நான் ஏன் பயப்படணும்? விபத்தன்னைக்கு நான் அந்த மாடியிலயே இல்ல. எழுதிக் கொடுத்திருக்கேன். முழுப் படத்துல என்ன இருந்துச்சுன்னு இனிமே யார் சொல்லுவா?”

மகள் பல்லைக் கடித்தாள். உடைந்த போன் கண்ணாடியில் அவளும் அண்ணன் முகத்தைத்தான் பார்த்திருந்தாள். பின்னால் இருந்தது நினைவில்லை. அம்மாவுக்கும் இல்லை. இன்ஸ்பெக்டர் லென்ஸிடம் கேட்டார். நாள் முழுக்க அந்தப் படத்தோடு உட்கார்ந்தவள் அவள்தானே.

“பின்னாடி இருக்கிறதை நான் அழிக்கறதுக்குத்தான் பார்ப்பேன் மேடம். யாரு, என்னன்னு பார்க்கறதில்ல” என்றாள் லென்ஸ். தலை குனிந்திருந்தது. கொஞ்சம் பொறுத்து முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்தாள். “ஆனா அந்த முதல் கல்லு… விதிப்படி நசுக்கியிருக்கணும். கறுத்தாலும் என் புள்ளதானம்மான்னு இவங்க சொன்னாங்க. நசுக்கக் கை வரல.”

“எங்க இருக்கு?”

மேஜை இழுப்பறையின் அடியில், பஞ்சில் பொதிந்து இருந்தது. சட்டம் போடாத வெறும் கல்.

முதலாளி விதியைப் பற்றி ஏதோ தொடங்கினார். இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பாமலே ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். முதலாளியே போய் இறக்கினார். லென்ஸ் கல்லை இடுக்கியில் பிடித்து, பின்னால் டார்ச்சை வைத்து, சுவரைப் பார்த்துத் திருப்பினாள். படம் முதலில் மங்கலாக விழுந்தது. பிறகு தெளிந்தது.

முன்னால் நின்ற பையனின் முகம் வெறும் கறுப்பு நிழல். இந்தக் குறைக்காகத்தான் கல்லை ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் முகத்தைக் கறுக்கவைத்த அதே வெயில் பின்னால் எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டியது. மாடி விளிம்பில் கைப்பிடிக் கம்பி இல்லை. வலை கட்டவேண்டிய இடத்தில் வெறும் ஆகாயம். பையன் இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லை. அவனுக்குப் பின்னால் செங்கல் சுமந்த இரண்டு பேருக்கும் இல்லை. தூரத்தில், முதுகைக் காட்டி, இடுப்பில் கைவைத்து நின்றவரைச் சுற்றி மட்டும் அகலமான ஆரஞ்சு பெல்ட். அதன் கொக்கி தூணில் பத்திரமாக மாட்டியிருந்தது.

“யாரோ மேஸ்திரி” என்றார் மாமா. “முகமே தெரியல. யார்னு எப்படிச் சொல்லுவீங்க?”

தையல்காரம்மா எழுந்தாள். சுவருக்குப் பக்கத்தில் போனாள். மகனின் கறுத்த முகத்தை ஒரு தடவை தடவிவிட்டு, அந்த முதுகின் மேல் விரலை வைத்தாள். பச்சைக் கோடு போட்ட சட்டை. தோளுக்குக் கீழே இரண்டு மடிப்பு, காலரில் இரட்டைத் தையல்.

“இந்தச் சட்டை நான் தைச்சதுடா. அதுக்கு மேல கட்டியிருக்கியே, அந்த பெல்ட்டைத்தான் இத்தனை நாளா ஊரெல்லாம் கேட்டுட்டு இருந்தேன்.”