கை பழகும் வரை

அன்று ராத்திரி ஓவர்டைம் முடிந்து வந்து மவுஸை அசைத்ததும் கர்சர், போய் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, திரையின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. முதலில் நடந்தது அவ்வளவுதான். இதற்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை அவன். செட்டிங்ஸைத் திறந்து பார்த்தான். மவுஸின் வேகம் ஆயிரத்து அறுநூறில் இருந்தது. அவனுடைய எண் எண்ணூறு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எண்ணூறுதான். சட்டைப் பித்தானை எந்த விரலால் போடுகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை அல்லவா, அவனுக்கு எண்ணூறும் அப்படித்தான். இப்போது அது சரியாக இரண்டு மடங்காகக் கிடந்தது.

"லென்ஸு, வந்தாச்சா?" என்றாள் அவள், பக்கத்து அறையிலிருந்து.

அவன் ஒரு கண்ணாடிக்கடையின் பட்டறையில் லென்ஸ் தேய்க்கிறவன். அதனால் அவளுக்கு அவன் லென்ஸு. அவள் வீட்டிலிருந்தபடியே படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறவள். இருவரும் சேர்ந்து ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டில் வாயைத் திறந்தால் கட்டளைதான் வரும் என்பதால் அவனுக்கு அவள் மேஜர். இரண்டு பேரும் சந்தித்ததே இந்த விளையாட்டில்தான். இடிந்த நகரம் ஒன்றில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து மற்றவர்களை வேட்டையாட வேண்டும். அவள் முன்னால் ஓடுவாள், அவன் பின்னால் நின்று குறிபார்த்து அவளுடைய முதுகைக் காப்பான். ஒரே அறையில் உட்கார்ந்தால் மைக்கில் எதிரொலிக்கிறது என்று அவள் முன்னறையிலும் அவன் பின்னறையிலும் உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தது மெல்லிய சுவர். அதனால் அவளுடைய குரல் அவனுக்கு எப்போதும் இரண்டு தடவை கேட்கும். சுவர் வழியாக மங்கலாக ஒரு முறை, கண் இமைக்கும் நேரம் கழித்து ஹெட்செட்டில் காதோடு காதாக ஒரு முறை.

வெளியே இருந்து பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கும், ஒரே வீட்டில் இருந்துகொண்டு மைக் வைத்துப் பேசுவது. ஆனால் சாப்பாட்டு மேசையில் அவர்களுக்குள் பேச்சு எப்போதோ வற்றிவிட்டது. 'கேஸ் சொல்லியாச்சா', 'கதவைச் சாத்திக்கோ' என்பதோடு சரி. சண்டை போட்டு நின்ற பேச்சாக இருந்தால் சமாதானம் ஆகிப் பேசியிருக்கலாம், இது தானாக நின்றுபோனது. ஹெட்செட்டை மாட்டினால் மட்டும் அவள் சிரிப்பாள், கிண்டல் செய்வாள், அன்றைக்கு எழுதிய வசனங்களைச் சொல்வாள். அந்த ஒரு மணி நேரம்தான் அவர்கள் கல்யாணத்தில் மிச்சம் இருந்தது. அது கைநழுவினால் அவள் போய்விடுவாள் என்று அவனுக்குத் தெரியும். அந்த பயம் அவனுக்கு எப்போதும் உண்டு.

அன்று வேகத்தைச் சரிசெய்து முடிப்பதற்குள் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது.

"பின்னால பாரு. லென்ஸு, பின்னால."

அவன் திருப்பினான். பார்வை எதிரியைத் தாண்டி, சுவரைத் தாண்டி, வானத்தில் போய் நின்றது. அவள் விழுந்த சத்தம் இரண்டு காதிலும் கேட்டது.

"என்னாச்சு உனக்கு?"

"மவுஸ் செட்டிங்ஸ் மாறிக் கிடக்கு. நீ ஏதாவது தொட்டியா?"

சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய நாற்காலி கிறீச்சிட்டது.

"நான் எதுக்குத் தொடப் போறேன்?" என்றாள்.

அதற்குப் பிறகு அது அடிக்கடி நடந்தது. அவன் எண்ணூறில் வைத்துவிட்டுப் போவான், வந்து பார்த்தால் வேறு எதிலோ நிற்கும். பேட்டரியை மாற்றினான். மவுஸைப் பிரித்து பஞ்சால் துடைத்தான். வைரஸா என்று தேடினான், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான், பாஸ்வேர்டு போட்டான். ஒன்றும் பலிக்கவில்லை. பட்டறைக்கு எதிரில் கம்ப்யூட்டர் சரிசெய்கிறவர் ஒருவர் இருந்தார், பெரிய வாய்க்காரர். அவரிடம் போய்ச் சொன்னான்.

"ஒண்ணு சாஃப்ட்வேர் மாத்தணும், இல்ல யாராவது உக்காந்து மாத்தணும். மவுஸுக்கு மூணாவது வியாதி எனக்குத் தெரிஞ்சு கிடையாது," என்றார் அவர். "வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

"நானும் அவளும்தான்."

"பாஸ்வேர்டு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்க்ரூடிரைவரைத் துடைக்க ஆரம்பித்தார். வாய் ஓயாத மனிதர் அப்படி வாயை மூடிக்கொண்டது அவனுக்குப் பிடிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தான். எண் மாறுவது எல்லா நாளும் இல்லை. அவனுக்கு ஓவர்டைம் இருக்கிற நாளில் மட்டும்தான் மாறியது. அதுவும் கண்டபடி மாறவில்லை. ஆயிரத்து அறுநூறில் ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக அவனுடைய எண்ணை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஓவர்டைம் நாளில் வீட்டுக்கு வந்ததும் நேரே பின்னறைக்குப் போய் மவுஸின் மேல் உள்ளங்கையை வைத்தான். சூடாக இருந்தது. வெயிலோ மின்சாரமோ கொடுக்கிற சூடு இல்லை. ஒரு கை வெகுநேரம் பிடித்திருந்து அப்போதுதான் எடுத்த சூடு, லேசான வியர்வைப் பிசுபிசுப்போடு. நாற்காலியின் மெத்தை நடுவில் அமுங்கி, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. குனிந்து முகர்ந்தான். பட்டறையில் லென்ஸை மெருகேற்றப் போடும் பொடியின் ஈரமண் வாசனை. அது அவனுடைய வாசனைதான். அவனோ பட்டறையிலேயே சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்திருந்தான்.

மறுநாள் ஆட்டத்தில் அவளே வாயைவிட்டாள்.

"நேத்து படிக்கட்டுல நின்னு வரிசையா விழ வெச்சியே, அப்படி ஆடு."

நேற்று அவன் ஆடவே இல்லை, பட்டறையில் ஓவர்டைமில் இருந்தான். அவளும் அதை அந்த நொடியில் உணர்ந்திருக்க வேண்டும். சுவரின் அந்தப் பக்கம் மூச்சு நின்றது, பிறகு ஹெட்செட்டிலும் நின்றது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

யாரோ ஒருவன் வருகிறான். என் நாற்காலியில் உட்கார்கிறான். என் ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொள்கிறான். அவள் அவனையும் லென்ஸு என்றுதான் கூப்பிடுகிறாளா? வேறு எதைப் பகிர்ந்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது. இரவு அவள் பக்கத்தில் படுத்து, அவள் முதுகைப் பார்த்தபடி, அந்த முதுகை இத்தனை வருஷம் காத்த பைத்தியக்காரன் நான்தான் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த நாட்களில்தான் அவன் கையும் மக்கர் செய்ய ஆரம்பித்தது. வீட்டில் டீ கிளாஸை எடுக்க நீட்டினால் கை ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடும். தேய்க்கும் சக்கரத்தில் லென்ஸை வைத்தால் லென்ஸ் சக்கரத்தைத் தொடாது.

"என்னப்பா, காத்துல தேய்க்கிறியா?" என்றார் முதலாளி.

"தூக்கம் இல்லண்ணே."

முதலாளி அவனுடைய கட்டைவிரலைப் பார்த்தார். பழகுகிற காலத்தில் சக்கரம் கிழித்த பிறைத் தழும்பு அதில் இருந்தது. "போன தடவை தூங்கி வழிஞ்சப்பதான் அது. ஜாக்கிரதை," என்றார்.

அடுத்த ஓவர்டைம் முடிந்து வந்து செட்டிங்ஸைத் திறந்தான். எண்ணூறு.

யாரும் தொடவில்லை என்று நிம்மதி அடைந்திருக்கலாம். ஆனால் மவுஸ் சூடாக இருந்தது. நாற்காலி அமுங்கியிருந்தது. வந்தவனுக்கு இனி எதையும் மாற்றத் தேவை இருக்கவில்லை, அவ்வளவுதான். மவுஸைப் பிடித்து அசைத்தான். அவனுடைய சொந்த எண்ணில், அவனுடைய சொந்த மேசையில், கர்சர் போக வேண்டிய இடத்துக்குப் பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

"நீ இன்னிக்குச் சரியில்ல. போய்ப் படுத்துக்கோ," என்றாள் அவள், ஆட்டத்தின் பாதியிலேயே.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தான். ஒரு நாள் காலையில் ஓவர்டைம் என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டுப் போய், விளக்கு வைக்கிற நேரத்துக்கே திரும்பினான். சாவி துவாரத்துக்கு எட்டவில்லை. தோளால் உந்தி, உடம்பையே முன்னால் கொண்டுபோய்த்தான் கதவைத் திறந்தான். உள்ளே நடைபாதை இருட்டாக இருந்தது. இரண்டு கதவுகளின் அடியிலும் நீல வெளிச்சக் கோடு. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஃபிரிட்ஜ் உறுமி அடங்கியது, அதற்கெல்லாம் மேலாக அவளுடைய சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை அவன் கேட்டு வெகு காலம் ஆகிவிட்டது.

பின்னறையிலிருந்து மவுஸ் சத்தம். க்ளிக். க்ளிக். அவசரமே இல்லாத, நிதானமான சத்தம்.

பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள். பேசுவதற்கு முன்னால் அவன் செருமுவது போல.

"நீ ஓடு மேஜர். பின்னால நான் பாத்துக்குறேன்."

அவனுடைய குரல்.

அவனுக்குப் பின்னறைக்குப் போகத் துணிச்சல் வரவில்லை. முன்னறைக் கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கி, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். முதலில் அவனுடைய கையைத்தான் பார்த்தாள்.

"ஓவர்டைம்னு சொன்னே."

"யாரு அது?"

"மெதுவாப் பேசு."

"மேஜர், யாரு அது?"

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "நீ வராத நாள்ல நான் இங்க தனியா உக்காந்து மைக்ல பேசிக்கிட்டே இருப்பேன். நீ அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி. ஒரு நாள் பதில் வந்துச்சு."

"யாருகிட்டேருந்து?"

"முதல்ல பேச்சே வரல. வெறும் மூச்சுதான். கை நகரவே நகராது, விரல் நுனி மட்டும் லேசா அசையும். பாவமா இருந்துச்சு. நான்தான் பக்கத்துல உக்காந்து வேகத்தைக் கூட்டி வெச்சேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சேன். கை பழகும் வரைக்கும்தான்." அவள் குரல் கனிந்தது. "நான் பேசினா கேக்குது. பதில் சொல்லுது. சாப்பாட்டு மேசையில கூட."

"அப்போ நான்?"

அவன் அவளுடைய தோளைத் தொடக் கையை நீட்டினான். ஒரு விரற்கடை முன்னால் கை நின்றது. தள்ளினான். உடம்போடு சேர்ந்து முன்னால் சாய்ந்தான், சாய்ந்த அளவுக்குக் கை பின்வாங்கியது. அவள் தோளில் இருந்த நூல் பிரிந்த தையல் தெரிந்தது. அந்தத் துணியின் சூடு கூட விரல் நுனிக்குத் தெரிந்தது. தொட முடியவில்லை.

அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆச்சரியம் இல்லை.

"உனக்கு எப்போ தெரியும்?" என்றான். "என் கை இப்படி ஆகும்னு."

"நீ டீ கிளாஸை எடுக்க முடியாம நின்னியே," என்றாள். "அன்னிக்கே."

தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

அவள் ஹெட்செட்டைச் சரியாக மாட்டிக்கொண்டாள். மைக்கிலிருந்து கையை எடுத்தாள். "வந்துட்டேன் லென்ஸு," என்று திரையிடம் சொன்னாள்.

அவன் நடைபாதைக்கு வந்தான். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னறை. என் அறை. என் நாற்காலி. கதவின் கைப்பிடிக்குக் கையை நீட்டினான். எட்டவில்லை. மறுபடி நீட்டினான். எட்டவில்லை.

உள்ளே மவுஸ் சத்தம் நின்றது.

நாற்காலி பின்னால் நகர்ந்தது. காலடி. ஒன்று. இன்னொன்று. கதவு உள்ளிருந்து திறந்தது, ஒரு கை நுழைகிற அளவுக்கு மட்டும். நீல வெளிச்சத்தில் ஒரு கை வெளியே வந்தது. நகக்கண்ணில் மெருகுப் பொடி. கட்டைவிரலில் பிறைத் தழும்பு. அது இருட்டில் தடவவில்லை, தேடவில்லை. வெளிப்பக்கக் கைப்பிடியை ஒரே தடவையில் சரியாகப் பிடித்துப் பார்த்தது, பிறகு உள்ளே போய், அவனுக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல மெதுவாக, கதவைச் சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் விழுந்தது.

அவன் தன் கட்டைவிரலைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தான். வழவழவென்று இருந்தது.

"இப்பதான் நீ நீயா இருக்கே, லென்ஸு," என்றாள் அவள். அது அவனுக்கு ஒரே ஒரு முறைதான் கேட்டது, சுவர் வழியாக, மங்கலாக. அவன் கை மறுபடியும் நீண்டது. கைப்பிடிக்கு ஒரு விரற்கடை முன்னால், அந்த இருட்டில், அப்படியே நின்றது.