மக்காத கன்று

பலாமரத்தடியில் ஈ இல்லை. பழம் விழுந்து எட்டு நாளாகிறது. வெடித்த சுளைகள் இன்னும் பளபளவென்று மஞ்சளாகக் கிடக்கின்றன. ஒரு கட்டெறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை. செங்கமலத்துக்கு பயமாக இருந்தது. ஆனாலும் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

அரிமளத்துக் கொல்லையில் பதினெட்டு வருடம் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அவள் வளர்த்த மரம். மகள் ஹரிணியை நர்சிங் படிக்க வைத்ததே அதன் பழம்தான். இப்போது உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது. நாளைக்கு மர வியாபாரியைக் கூட்டி வருவதாகக் காலையில் கொழுந்தன் கோபிநாத் சொன்னான்.

"பட்டுப்போன மரத்த வச்சு என்னங்க மதினி பண்ணப் போறீங்க?"

"கோடாலி மொதல்ல என் கழுத்துல விழட்டும். அப்புறம் மரத்த வெட்டு."

தை மாதம், பிறந்ததும் செத்த கன்றை எல்லோரையும் போல அவளும் மரத்தடியில்தான் புதைத்தாள், மரத்துக்கு உரமாகட்டும் என்று. நாய் தோண்டிவிடக் கூடாதே என்று மேலே இரண்டு கேன் கரையான் மருந்தையும் ஊற்றினாள். அங்கேதான் புத்தி பிசகியது.

வெயில் சாய்ந்ததும் மண்வெட்டியோடு இறங்கினாள். வாசமே இல்லாத மண். புழு இல்லை, வண்டு இல்லை, கரையான் இல்லை. மூன்றடி ஆழத்தில் தோல் தட்டுப்பட்டது.

கன்று, போட்டது போட்டபடியே கிடந்தது. தாய்ப்பசு நக்கிவிட்ட சுழி நெற்றியில் இன்னும் ஈரமாக இருந்தது. அதைத் தின்று மண்ணாக்கி மரத்துக்கு ஊட்ட வேண்டிய அத்தனை உயிரையும் அவளே கொன்றிருக்கிறாள். சோற்றுப் பானைக்குப் பக்கத்திலேயே மரம் நாலு மாதமாகப் பட்டினி கிடந்திருக்கிறது.

குப்பைக்குழியிலிருந்து மண்புழுவோடு ஒரு கூடைச் சாணக்குப்பை அள்ளி வந்து கொட்டினாள். புழுக்கள் கன்றின் பக்கம் போகவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குழியின் சுவரைத் தொற்றி, வெளியேறப் பார்த்தன.

பிறகு சத்தம் கேட்டது. கன்று மடியை முட்டி முட்டிக் குடிக்கும் சத்தம். காலுக்குக் கீழே.

வேர்கள். நூல் நூலாக, வெள்ளையாக. கன்றைத் தொட்டன. விட்டன. அவள் பாதத்தின் பக்கம் திரும்பின.

குதிகால் வெடிப்பில் முதல் நூல் நுழைந்தது. இழுத்தாள். சதையும் சேர்ந்து வந்தது. இன்னொன்று. கணுக்கால். கெண்டைக்கால்.

அலறினால் கோபிநாத் வருவான். கோடாலியோடு வருவான்.

பல்லைக் கடித்துக்கொண்டாள். மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து நின்றாள்.

"தின்னுக்க. ஆனா நாளைக்கு ஒன்னய வெட்ட வாரவன் கண்ணு முன்னாடி காய்ச்சு நிக்கணும்."

தலைக்கு மேல், காய்ந்த கொம்புகள் ஒவ்வொன்றாகத் துளிர்விட்டன.

விடியும்போது, நாலு மாதத்தில் முதல் முறையாக ஒரு ஈ வந்தது. செங்கமலத்தின் உதட்டில் உட்கார்ந்தது. அவள் கண் இமைக்காமல் சிரித்தபடி நின்றாள். ஈ பறக்கவில்லை.